உழைப்பு எப்போது சொத்தாகிறது? வாஷி தோசைக் கடை ஒன்றை முன்வைத்து

மும்பைத் தமிழர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் "உழைச்சா முன்னேறலாம்" என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த நிமிடமே ஒரு பெயர் வந்து விழும்: பிரேம் கணபதி, தோசா பிளாசா. தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்திலிருந்து 1990இல், 17 வயதில் பம்பாய் வந்தவர். நல்ல சம்பளத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்த ஆள் பாந்த்ரா ஸ்டேஷனில் கைவிட்டுப் போய்விட்டான். பாஷை தெரியாது. பாத்திரம் கழுவினார், டீ விற்றார், தள்ளுவண்டியில் தோசை சுட்டார். பிறகு இந்தியாவிலும் வெளிநாட்டிலும் கிளைகள் உள்ள உணவக நிறுவனம் ஒன்றின் முதலாளியாக ஆனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கஷ்டத்தை ஒரு பக்கமும் கோடியை ஒரு பக்கமும் வைத்து, நடுவே "உழைப்பு" என்று ஒரு சொல்லைப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் உடன்பாடு இல்லை. வருஷவாரியாகப் பிரித்துப் பார்த்தால் உழைப்பு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. நாணயமும் இருக்கிறது. பணம் மட்டும் இல்லை. அப்படியானால் பணம் சேரத் தொடங்கிய இடத்தில் புதிதாக வந்து சேர்ந்தது எது? அவர் பேட்டிகளில் சொல்லி, பத்திரிகைகளில் பலமுறை வந்த விவரங்களை வைத்தே அதைப் பார்க்கிறேன்.

150 ரூபாய், இரண்டு தடவை

மாஹிமில் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவும் வேலை. சம்பளம் மாதம் 150 ரூபாய், படுக்கை அங்கேயே. இரண்டு வருடம் கழித்து, 1992இல், நவி மும்பையில் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே இட்லி தோசை விற்க ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுக்கிறார். வாடகை மாதம் 150 ரூபாய். அடுப்புக்கும் சாமானுக்கும் இன்னொரு 1,000.

கதையைச் சொல்பவர்கள் இந்த இரண்டு 150-ஐயும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு இளைஞனின் முழு மாத உழைப்புக்கு பம்பாய் போட்ட விலை 150. இரண்டு வருடம் கழித்து, நாலு சக்கரமும் ஒரு பலகையும் அதன் சொந்தக்காரருக்குச் சும்மா நின்றே சம்பாதித்துக் கொடுத்த தொகையும் 150. வண்டிக்காரரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் எப்போதோ உழைத்துத்தான் அதை வாங்கியிருப்பார். ஆனால் வாங்கிய பிறகு வண்டிக்காக அவர் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை.

பேக்கரிப் பாத்திரம் பயனுள்ள வேலை இல்லையா? அது இல்லாமல் மறுநாள் பாவ் ரொட்டி வெளியே வராது. பயன் இருந்தது. அந்தப் பயன் போய்ச் சேர்ந்த கணக்கு வேறொருவருடையது.

டீக்கடைக் கூட்டு

பேக்கரிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சிறு அத்தியாயம் உண்டு. கதை சொல்பவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் மொத்த விவகாரத்துக்கும் சாவி.

டீக் கொடுத்துத் திரிந்த பையனின் சுறுசுறுப்பைப் பார்த்து ஒருவர் கூட்டுக்கு அழைக்கிறார். வாஷியில் டீக்கடை. முதல் அவருடையது, உழைப்பு பையனுடையது, லாபத்தில் பங்கு. கடை நன்றாக ஓடியது. ஓடியதுதான் வினை. லாபம் ஏற ஏற, பங்காகக் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறியது. இதே வேலையை மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்துச் செய்துவிடலாமே என்று முதல் போட்டவர் கணக்குப் போட்டார். பையன் வெளியே அனுப்பப்பட்டான்.

கடைக்கு வாடிக்கை பிடித்தவன் அவன். ஆனால் எழுத்தில் ஒன்றும் கிடையாது. கடை எண் அவன் பெயரில் இல்லை, பலகையிலும் அவன் பெயர் இல்லை. வேலையை அவன் எவ்வளவு சரியாகச் செய்தானோ, அவனைக் கழற்றிவிடுவதில் முதலாளிக்கு அவ்வளவு லாபம். நேர்மையாக உழைத்தால் பலன் வரும் என்ற வாக்கியம் இங்கே பொய்யாகவில்லை. பலன் வந்தது, வேறு விலாசத்துக்கு.

இதைத் துரோகம் என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வரும் பையன்களின் வேலை பெரும்பாலும் இப்படி வாய்வார்த்தையில்தான் தொடங்குகிறது. "நம்ம ஊர்க்காரன்", "அண்ணாச்சி பாத்துக்குவாரு" என்பதுதான் ஒப்பந்தம். பலர் அதை வைத்தே தலையெடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி பார்த்துக்கொள்ளாவிட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

வண்டி நின்ற இடம்

வாஷி ஸ்டேஷன் எதிரே, 1992. இந்த இடத்தையும் வருடத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நவி மும்பையைக் கட்டுவதற்காக 1970இல் சிட்கோ என்ற மகாராஷ்டிர அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனால் தானே கழிமுகத்தின் மேல் ரயில் பாலம் போட்டு மான்கூர்டிலிருந்து வாஷிக்கு லோக்கல் ரயில் ஓடத் தொடங்கியது 1992இல்தான். அதுவரை பஸ்ஸில் கழிமுகத்தைத் தாண்டிக்கொண்டிருந்த கூட்டம் ரயிலுக்கு மாறியது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கப் போகிறவர்களும் ஒரே வாசலில் வந்து இறங்கினார்கள். பசியோடு இறங்கினார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தை அங்கே கொண்டுவந்தது தோசையின் ருசி இல்லை, அரசாங்கக் காசில் போட்ட பாலம். அதே தோசையை, அதே சுத்தத்தோடு, ரயில் வராத ஒரு செக்டரில் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுத்தம் என்றதும் சொல்ல வேண்டியது: ஊரிலிருந்து தம்பிகள் இருவரை வரவழைத்துக்கொண்டார். மூவரும் துவைத்த உடையும் தலையில் தொப்பியுமாக நின்றார்கள். நடைபாதைக் கடையில் அந்தக் காலத்தில் இப்படிப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் திரும்பி வந்ததற்கு அதுவும் காரணம். மாதம் 20,000 ரூபாய் வரை லாபம் வந்தது என்று சொல்லியிருக்கிறார். தொண்ணூறுகளில் அது பெரிய காசு. (தம்பிகளின் கை எத்தனை மணி நேரம் அந்தக் கல்லில் வெந்தது என்பதை இந்த மாதிரிக் கதைகள் கணக்கில் எடுப்பதே இல்லை. "ஒற்றை ஆளாக" என்று எழுதுவதில் அப்படி என்ன சுகமோ.)

அந்த 20,000 நேர்மையான, பயனுள்ள உழைப்பின் வருமானம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அது சொத்து ஆகவில்லை. காரணம் முனிசிபாலிட்டி வண்டி. லைசென்ஸ் இல்லாத தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அபராதம் கட்டி மீட்க வேண்டும். பல தடவை நடந்தது. நல்ல பெயர் எடுத்த கடை ஒரு காலை நேரத்தில் இல்லாமல் போய்விடும். லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாமே என்று மும்பையை அறியாதவர்கள் கேட்பார்கள். இந்த நகரத்தில் நடைபாதை வியாபாரிக்கு லைசென்ஸ் என்பது அப்பா வைத்திருந்தால் உண்டு, புதிதாக ஒருவன் போய் நின்றால் கிடைப்பது குதிரைக்கொம்பு. நடைபாதை வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் 2014இல் வந்தது. கையில் சான்றிதழ் வாங்குவதற்குள் பலருக்கும் தலை நரைத்துவிடுகிறது.

இன்னொன்று: வண்டியைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது. கொரோனா ஆண்டில், 2020இல், மத்திய அரசு பிஎம் ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்து வியாபாரிகளுக்கு முதல் கடனாக 10,000 ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் இவர் 1997இல் ஒரு கடை பிடிக்கக் கொடுத்த அட்வான்ஸே 50,000.

1997க்குப் பிறகு

வாஷியில் கடை, 50,000 அட்வான்ஸ், மாத வாடகை 5,000. பெயர் பிரேம் சாகர் தோசா பிளாசா. என் கணக்கில் கதை இங்கேதான் திரும்புகிறது. தோசை அதே தோசை, சுடுகிற கையும் அதே கை. ஆனால் இனி யாரும் அதைத் தூக்கி லாரியில் போட முடியாது. வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, பலகையில் பெயர் இருக்கிறது. இன்று சம்பாதித்த நல்ல பெயர் நாளைக் காலையிலும் அதே முகவரியில் இருக்கும்.

பக்கத்தில் ஒரு சைபர் கஃபே. அங்கே உட்கார்ந்து இணையத்தைக் கற்றுக்கொண்டார். நடுவில் சைனீஸ் உணவகம் ஒன்றைத் தொடங்கி, ஓடாமல் மூடினார். ஆனால் அங்கே கற்ற சாஸும் காய்கறியும் தோசைக்குள் போயின. ஷெஸ்வான் தோசை, பனீர் தோசை என்று ஆரம்பித்து பட்டியல் 105 வரை நீண்டது. திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் யாராவது இதைச் சாப்பிட்டுப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் நவி மும்பைக் கல்லூரிப் பையன்களுக்குப் பிடித்தது.

பயன் என்பது எப்படிக் கசியும் என்பதையும் இங்கே பார்க்கலாம். மும்பையில் இன்று எந்த முக்கில் நின்றாலும் ஷெஸ்வான் தோசை கிடைக்கும். சுடுகிறவர்கள் யாரும் யாருக்கும் ஒரு பைசா கொடுப்பதில்லை. சமையல் முறையைப் பூட்டி வைக்க முடியாது. பெயரைப் பூட்டலாம். 27 தோசைப் பெயர்களுக்கு வணிகக் குறி பதிவு செய்தார் என்று செய்திகள் சொல்கின்றன. ஊருக்குக் கொடுத்தது ருசி, தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தது பெயர்.

2003இல் வாஷியில் சென்டர் ஒன் மால் திறந்தபோது அதன் உணவு வளாகத்தில் இடம் கிடைத்தது. மால் நிர்வாகத்தின் ஆட்கள் முன்பே இவர் கடையில் சாப்பிட்டவர்கள். அப்புறம் ஃபிரான்சைஸ் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

ஃபிரான்சைஸ் என்றால் நடப்பது என்ன? இன்னொருவர் தன் காசைப் போட்டுக் கடை எடுக்கிறார். சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவர் பொறுப்பு, நஷ்டம் வந்தாலும் அவருடையது. பெயருக்கும் செய்முறைக்கும் ஆரம்பத்தில் ஒரு தொகையும் பிறகு விற்பனையில் ஒரு பங்கும் தருகிறார். அதாவது 1992இல் வண்டிச் சொந்தக்காரர் நின்ற இடத்தில் இப்போது இவர் நிற்கிறார். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வாடகைக்கு விடப்படுவது மரவண்டி இல்லை, பத்துப் பன்னிரண்டு வருடம் தோசை சுட்டுச் சம்பாதித்த பெயர். இந்த இடத்தில் நான் கேலிக்காரர்களோடு சேரமாட்டேன். "எல்லாம் லக்கு", "எல்லாம் ஏமாத்து" என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வழியில்லை. பெயர் உழைப்பில்தான் உண்டானது. புளித்துப்போன சட்னியை ஒரு வாரம் ஊற்றியிருந்தால் ஃபிரான்சைஸ் கேட்டு யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

அதே கை, வேறு முடிவு

ஒருவர் கதையை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது ஆய்வு ஆகாது. ஜெயித்தவரைத்தான் பேட்டி எடுப்பார்கள். வாஷியிலிருந்து ரயிலில் குர்லா வந்து மாறி, சயானில் இறங்கித் தாராவிக்குள் போவோம்.

தொண்ணூறடி ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் தென்மாவட்டத்துக்காரர்கள் இட்லித் தொழில் செய்கிறார்கள். ராத்திரி மாவு, விடியுமுன் இட்லி அவிப்பது, வெளிச்சம் வருவதற்குள் சட்னியும் சாம்பாரும். பிறகு ஆண்கள் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா, மாஹிம், சயான் என்று பிரிந்து போகிறார்கள். மும்பையில் காலைச் சாப்பாட்டை இதைவிட மலிவாக, நேரம் தவறாமல் கொடுப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. பயனுள்ள வேலை என்றால் இதுதான். பழைய மாவைக் கலந்தால் மறுநாளே வாடிக்கை போய்விடும், ஆகவே நாணயமும் உண்டு.

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் என் ஊகம், சுற்றுவட்டத்தில் வியாபாரம் பார்க்கிற யாரும் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளக்கூடியவை. ஒரு சைக்கிளில் 300 இட்லி போகும். ஒன்று 7 ரூபாய் என்றால் 2,100. அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ், கிரைண்டர் கரண்ட், தண்ணீர் எல்லாம் போகக் கையில் 900 அல்லது 1,000 நிற்கலாம். அதில் வேலை செய்தது ஒருவர் இல்லை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், சில வீட்டில் பிள்ளைகளும். அந்தப் பணத்தில் கோலி (ஒற்றை அறை வீடு) வாடகை, பள்ளிக்கூடம், ஊருக்கு அனுப்புவது. மிச்சத்துக்கு ஏலச்சீட்டு. பெண்கள் நடத்தும் அந்தச் சீட்டுதான் இவர்களுக்குக் கொஞ்சம் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் ஒரே வழி. அது பெரும்பாலும் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடுகிறது.

இன்னும் கடுமையாக உழைத்தால் 300-ஐ 350 ஆக்கலாம், 600 ஆக்க முடியாது. சைக்கிள் ஒன்று, காலை நேரம் ஒன்று. வாடிக்கையாளருக்கு ஹாரன் சத்தம் தெரியும், ஆளின் பெயர் தெரியாது. அவர் ஒரு மாதம் ஊருக்குப் போனால் அந்தத் தெருவை வேறொரு ஹாரன் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ஏப்ரல் 1 அன்று தாராவியின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு, சந்துகள் அடைக்கப்பட்டபோது, அவர்களிடம் வருமானம் நின்றது. பின்னால் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை.

இவர்களுக்கும் வாஷிக்காரருக்கும் உழைப்பில் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. புத்தியில் இருக்கலாம். துணிச்சலில் இருக்கலாம். 50,000 அட்வான்ஸைச் சேர்த்துக் கொடுக்க முடிந்த அந்த ஐந்து வருட லாபத்தில் நிச்சயமாக இருக்கிறது. தாராவி இட்லிக்காரருக்கு அந்த ஐந்து வருடத்தில் ஒரு ஆபரேஷன் வந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கம்

நேர்மை இல்லாத வழியில் வந்தவர்களையும் பார்த்துவிடலாம். பம்பாய்த் தமிழர் வரலாற்றில் அதற்கும் பஞ்சம் இல்லை. இதே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் போர்ட்டராக மூட்டை தூக்கியவர், பின்னாளில் கள்ளச்சாராயத்தில் பேர் வாங்கிய வரதராஜ முதலியார். ராமநாதபுரத்துப் பனைக்குளத்திலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பின்னாளில் தங்கக் கடத்தலில் பேர் வாங்கிய ஹாஜி மஸ்தான். மூட்டை தூக்கியது நேர்மையான வேலை. அதில் அவர்கள் பணக்காரர் ஆகவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டமும், தங்க இறக்குமதிக்கு இருந்த தடையும், 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உண்டாக்கிய பற்றாக்குறையிலிருந்து. உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை, நடுவே வாசலில் நிற்பவனுக்கு வித்தியாசம். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டு, இறக்குமதியும் தளர்ந்தபோது அந்த வாசலின் மதிப்பு விழுந்தது. மற்ற விஷயங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால்கூட, அவர்கள் கையில் இருந்தது தாங்கள் உண்டாக்கிய பொருள் இல்லை, சட்டத்தில் இருந்த ஒரு சந்து. அதைக் காக்க ஆள்பலமும் மாமூலும் ஓயாமல் வேண்டியிருந்தன. வரதராஜ முதலியார் கடைசிக் காலத்தில் பம்பாயை விட்டுச் சென்னைக்குப் போய், 1988இல் அங்கேயே இறந்தார்.

தேதி

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதில் நேர்மையும் இல்லை, நேர்மையின்மையும் இல்லை, உழைப்புக்கே இடம் இல்லை. மும்பையில் நிஜமாகவே பெரிய பணம் அந்த வகையில்தான் கைமாறுகிறது: நிலம்.

சுமார் 600 ஏக்கர் தாராவியை மறுபடி கட்டும் திட்டம் இருபது வருடமாகப் பேசப்பட்டு, டெண்டர் விட்டு, ரத்தாகி, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமத்துக்குப் போனது. யாருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு விதி இருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்டி. அதற்கும் பின்னால் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்மாடியில் இருப்பவர்களுக்கும், தாராவிக்கு வெளியே வாடகை அல்லது தவணை முறை வீடு.

தாராவியில் கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணி ஏறி மேலே இன்னொரு குடும்பம் என்பது சாதாரணம். மேலே இருப்பவர் இட்லி அவிப்பவர் என்று வையுங்கள். 1998இலிருந்து இருக்கிறார், ஆனால் மாடியில். கீழே இருப்பவர் வேலைக்கே போகாதவராக இருக்கட்டும், கையில் பழைய ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்கின்றன. பாந்த்ரா குர்லா வணிக வளாகத்துக்குப் பக்கத்தில் 350 சதுர அடி என்பது இட்லிக்காரர் ஆயுளுக்கும் அவித்தாலும் எட்ட முடியாத தொகை. கீழே இருப்பவர் தவறு ஒன்றும் செய்யவில்லை. அவரும் ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி, தகரம் அடித்து, குழாய்க்குப் போராடியவராக இருக்கலாம். இந்த இடத்துக்கு மதிப்பு வந்ததே இப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் விதி உழைப்பைக் கேட்கவில்லை, தேதியையும் தளத்தையும்தான் கேட்கிறது.

ஆகவே "உழைச்சா முன்னேறலாம்" என்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: யார் கணக்கில்? வாஷிக் கதையில் உழைப்புதான் மூலக்காரணம், சந்தேகமில்லை. ஆனால் அதே உழைப்பு பேக்கரியில் பேக்கரிக்காரரையும், டீக்கடையில் கூட்டாளியையும் வளர்த்தது. தன் பெயரில் ஒரு வாடகை ஒப்பந்தமும், பதிவு செய்த ஒரு பெயரும் வந்த பிறகுதான் அவரிடமே தங்கியது. பையனுக்கு வேலை தேடித் தரும்போது "நல்லா உழைக்கணும்" என்று சொல்லி அனுப்புகிற பெரியவர்கள், பங்கு எவ்வளவு, எழுத்தில் உண்டா என்பதையும் கேட்டு அனுப்பலாம்.

தாராவியில் 2024இல் கணக்கெடுப்பு தொடங்கியது. கடைக்கும் தொழிலுக்கும் 225 சதுர அடி வரை இலவச இடம் என்று தனியாக ஒரு விதி உண்டு. இட்லிக்காரரின் ஒற்றை அறையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பக்கம் கிரைண்டர் ஓடுகிறது, மறுபக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். படிவத்தில் அதை வீடு என்று எழுதுவதா, தொழிலிடம் என்று எழுதுவதா என்று மாடியில் இருப்பவர்கள் அப்போது சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.